பொட்டலத்தில் ஒரு கம்பெனி

ராமநாதபுரம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மிளகாய் வத்தல் மண்டியின் மாடியில், ‘வீரபத்திரன் அன் கோ சாஃப்ட்வேர்ஸ்’ நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். போர்டுகூடப் புதிது இல்லை. ‘வத்தல் மண்டி’ என்று இருந்த இடத்தில் மட்டும் நீலப் பெயின்ட்டை இழுகிவிட்டு அதன் மேல் ‘சாஃப்ட்வேர்ஸ்’ என்று எழுதியிருந்தார்கள். மழையில் நனைந்தால் அடியில் கிடந்த பழைய எழுத்து எட்டிப் பார்க்கும். அன்றைக்கு மட்டும் சாஃப்ட்வேர் கேட்டு வருகிறவர்களைவிட வத்தல் கேட்டு மாடி ஏறுகிறவர்கள் அதிகம்.

கீழே மண்டி இன்னமும் உண்டு. மூட்டை பிரிக்கிற நேரத்தில் நெடி படியேறி வந்து எல்லோர் மூக்கிலும் உட்கார்ந்துவிடும். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே வேலை பார்ப்பார்கள். தும்மல் நின்றுவிட்டால் வேலை நிரந்தரம் என்று அர்த்தம். முத்தழகுக்கு ஒன்பதாம் நாள் நின்றது. அது 2006 ஜூன் மாதம்.

முத்தழகு கமுதிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண். அவளுடைய அய்யா மூக்கையா மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். அந்த வீட்டிலிருந்து பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஒன்று வெளியே வந்ததை ஊரே அதிசயமாகப் பார்த்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முதலாளி வீரபத்திரன் அவளுடைய மார்க் ஷீட்டுகளையும் பட்டத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வராது. முத்திரையை மட்டும் விரலால் தடவிவிட்டு, கூரை வீட்டில் வைத்தால் இதைக் கரையான் தின்றுவிடும், இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி, மண்டிக் காலத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மற்றவர்களுடைய சான்றிதழ்களும் ஏற்கெனவே அதற்குள்தான் இருந்தன. எவ்வளவு நல்ல மனுஷர் என்று அன்றைக்கு முத்தழகு நினைத்தாள். அது தப்பும் இல்லை. அவர் நல்ல மனுஷர்தான். அதுதான் பெரிய தொந்தரவு. கெட்ட மனுஷராக இருந்தால் மூன்றாம் மாதமே சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

கம்பெனியை ஆரம்பித்தது அவருடைய தங்கை மகன். மாமாவுக்கு ஆசை காட்டி, நாலு கம்ப்யூட்டர் வாங்க வைத்து, ஒரு வருடம் நடத்திவிட்டு, இரண்டு வாரத்தில் வருகிறேன் என்று சிங்கப்பூருக்கு விமானம் ஏறினான். இன்னும் அந்த இரண்டு வாரம் முடியவில்லை. வீரபத்திரனுக்கு ஒரு வத்தலைக் கிள்ளிப் பார்த்தால் அது எந்தக் கண்மாய்ப் பாசனத்தில் விளைந்தது என்று சொல்லத் தெரியும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அதைத் தூசி படாமல் மூடி வைக்கத் தெரியும். தெரியாததை வேலைக்காரர்களிடம் கேட்டால் முதலாளிக்கு மரியாதை போய்விடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அவர் காளியாத்தாவிடம் கேட்டார்.

அதாவது, பூக்கட்டிப் பார்த்தார். எது கேட்டாலும் இதுதான் பதில்: “ஆத்தாட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்த்தா.”

செவ்வாயும் வெள்ளியும் காலையில் இது நடக்கும். ஆபீஸைக் கூட்டித் துடைக்கிற பூமயில் அக்கா குளித்துவிட்டு வந்து ஒரு நந்தியாவட்டையையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனியாகக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, சர்வர் இருக்கிற அறையில் மாட்டியிருந்த காளியாத்தா படத்துக்கு முன்னால் வைப்பாள். வாழை இலையில் கட்டுவதுதான் முறை. ஆபீஸ் என்பதால் பிரின்ட் எடுத்து வீணான தாள். பிறகு வெளியே இருந்து படியேறி முதலில் யார் வருகிறார்களோ அவர்கள் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்கலாம். மூன்றாவதும் சிவப்பு என்றால் அடுத்த ஒரு வருடத்துக்கு அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

பெரும்பாலும் கூரியர்காரர் சோணைமுத்துதான் முதலில் வருவார். அந்தக் கம்பெனியின் தலையெழுத்தைப் பாதிக்கு மேல் எழுதியது அவருடைய வலது கைதான். ஆரம்பத்தில் எதற்கு என்று தெரியாமல் எடுத்தார். தெரிந்த பிறகு, கிளை மேனேஜர் மாதிரி மெதுவாகப் படியேற ஆரம்பித்தார். பூ எடுப்பதற்கு முன் டீ குடிப்பது வழக்கமானது. பிறகு டீயோடு வடையும் சேர்ந்தது.

முத்தழகுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறவன் கூத்தையா. அவனுக்குப் பல் வலி வந்தது. லீவு கேட்டான். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. மூன்றாவது சிவப்புக்குக் காத்திருந்த வாரத்தில் பல் தானாகவே விழுந்துவிட்டது. பிறகு அவன் கீபோர்டில் ‘ஏ’ என்கிற எழுத்து வேலை செய்யாமல் போயிற்று. புதுசு வாங்கலாமா என்று கேட்டதற்கும் சிவப்பு. நாலு மாதம் அந்தப் பையன் பழைய ஃபைலைத் திறந்து அதிலிருந்து ‘ஏ’ ஒன்றைக் காப்பி எடுத்து, வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டி ஒட்டி வேலை பார்த்தான். ஒரு எழுத்தைக் கடன் வாங்கிப் பிழைப்பு நடத்துகிற ஒரே புரோகிராமர் தான்தான் என்று பெருமை வேறு பேசிக்கொள்வான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோருக்கும் லீவு விடலாமா என்று கேள்வி வைத்தார்கள். எல்லோரும் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு முதலில் படியேறி வந்தது மண்டியில் திரிகிற ஒரு வெள்ளாடு. யாரும் சுதாரிப்பதற்குள் அது நேராக உள்ளே போய், ஒரு பொட்டலத்தைக் காகிதத்தோடு தின்றுவிட்டது. தின்றது உத்தரவா, மிஞ்சியது உத்தரவா என்று முதலாளி பத்து நிமிஷம் யோசித்தார். ஆடு எடுத்தது எதுவோ அதுதான் என்று முடிவாயிற்று. மிஞ்சிய பொட்டலத்தைப் பிரித்தார்கள். வெள்ளை. அப்படியானால் ஆட்டின் வயிற்றுக்குள் போனது சிவப்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. முதலாளிக்கே பாவமாக இருந்ததால், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தால் போதும் என்று தன் பங்குக்குக் கொஞ்சம் இரங்கினார்.

இதையெல்லாம் முத்தழகு சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். ஆயுத பூஜைக்கு முதலாளி மானிட்டர், மவுஸ், ஸ்டெபிலைசர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவராக இரும்புப் பெட்டியைத் திறந்து, படித்த பிள்ளைகளுக்கு இதுதானே ஆயுதம் என்று எல்லோருடைய சான்றிதழ்களுக்கும் பொட்டு வைத்தபோதுகூட அவள் சிரித்தாள். அவளுடைய பட்டத்தில் குங்குமம் சரியாகப் பல்கலைக்கழக முத்திரையின் நெற்றியில் போய் உட்கார்ந்தது.

சிரிப்பு நின்றது 2008 ஆடி அமாவாசை அன்றைக்குத்தான்.

கம்பெனி செய்து விற்ற ஒரே சாஃப்ட்வேர், ராமேஸ்வரம் தீவில் உள்ள லாட்ஜுகளுக்கானது. எந்த அறையில் யார், எது காலி என்று சொல்லும். முழுக்க முழுக்க முத்தழகு எழுதியது. அக்காள்மடத்தில் மெயின் ரோட்டோரமாக ஒரு லாட்ஜில் முதலில் அதைப் போட்டார்கள். ஆனி மாதமே அவள் அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். காலையில் வந்து கடலில் குளித்துவிட்டு அன்றைக்கே கிளம்புகிற கூட்டம் வந்தால், ஒரு குடும்பம் காலி செய்தவுடன் அதே நேரத்தில் வந்த மற்றவர்களுடைய அறைகளையும் சேர்த்துக் காலி என்று காட்டிவிடும். அரை நாள் வேலை, திருத்திவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னாள். அவர் ஆத்தாவிடம் கேட்டார். மூன்று தடவையும் சிவப்பு வந்தது.

ஆடி அமாவாசையன்று பன்னிரண்டாம் நம்பர் அறையை அந்தக் கம்ப்யூட்டர் நாலு குடும்பத்துக்குக் கொடுத்தது. மறுநாள் சமாதானம் சொல்ல முதலாளி அனுப்பியது முத்தழகைத்தான். லாட்ஜ் மேனேஜர் தனுஷ்கோடி, பெயருக்கேற்றபடி புயலடித்து ஓய்ந்தவர் மாதிரி இருந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நம்பரில் ஒரு குடும்பம் வேட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது இன்னொரு குடும்பம் சாவியோடு கதவைத் திறந்ததை, ஒவ்வொரு வேட்டியாக விவரித்தார். அதில் தேவிபட்டினத்துக் குடும்பமும் கமுதிப் பக்கத்துக் குடும்பமும் நாங்கள்தான் முதல், நாங்கள்தான் முதல் என்று கடைசிவரை நகரவே இல்லையாம். இதை எழுதினது யாரு என்று கேட்டார். நான்தான் என்றாள் முத்தழகு. படிச்ச புள்ளையா நீ என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி பாம்பன் பாலம் தாண்டி, உச்சிப்புளி தாண்டி, ராமநாதபுரம் வரும்வரை பஸ்ஸில் அவள் கூடவே வந்தது. தெரியாமல் செய்த தப்புக்குத் திட்டு வாங்கலாம். தெரிந்து, சொல்லி, திருத்துகிறேன் என்று கெஞ்சியும் விடாத தப்புக்குத் திட்டு வாங்குவது எந்த ஊர் நியாயம்? ஏன் என்று கேட்டால் ஏன் என்பதற்குப் பதில் சொல்கிற ஒரு இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

ஆடு மிச்சம் வைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மதுரைக்குப் போய் ஒரு கம்பெனியில் பேட்டிக்கு உட்கார்ந்தாள். வேலை கிடைத்துவிட்டது. செப்டம்பர் எட்டாம் தேதி, திங்கட்கிழமை சேர வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்கள் எல்லாவற்றோடும் வர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. ஒரிஜினல் எல்லாம் இரும்புப் பெட்டியில். சாவி முதலாளியின் அரைஞாண் கயிற்றில்.

முதலாளி கடிதத்தை வாங்கி, அதற்கும் முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு வழக்கமான பதிலைச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை சோணைமுத்து வடையைத் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். சிவப்பு. அடுத்த செவ்வாய், செப்டம்பர் இரண்டு. அதுவும் சிவப்பு. சோணைமுத்துவுக்கே முகம் வாடிவிட்டது. இனி ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் பாக்கி. அது போனால் மதுரை போயிற்று. அப்புறம் இந்தப் படியும் இந்த நெடியும்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அழுதால் யாரும் பார்க்காத இடம் தேடி முத்தழகு பின்பக்கத்துக்குப் போனாள். அங்கே பூமயில் அக்காவின் குப்பைக் கூடை இருந்தது. எடுக்காமல் மிஞ்சிய பொட்டலம் அதில் பிரியாமல் கிடந்தது. அந்தக் காகிதம் அவளே பிரின்ட் எடுத்த தாள். ஏதோ ஒரு எரிச்சலில், எனக்கு வந்திருக்க வேண்டிய வெள்ளைப் பூவைப் பார்க்கிறேன் என்று பிரித்தாள்.

உள்ளே இருந்தது செவ்வரளி.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து ஓடியது. பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பூமயில் அக்காவின் முன்னால் போய் நின்றாள். பூமயில் ஐம்பது வயதுக்காரி. யாருக்கும் பயப்படாதவள். இந்தப் பூவுக்கு மட்டும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

“ரெண்டுலயும் செகப்பாக்கா?”

“கத்தாத புள்ள. ஆத்தா தூங்குறா.”

“எத்தன நாளா?”

பூமயில் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டு கை விரலும் முடிந்தது. பிறகு, எண்ணுவதில் பிரயோசனம் இல்லை என்று விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சிங்கப்பூர் மருமகன் போனதிலிருந்தே இதுதான். முதல் தடவை உண்மையாகத்தான் ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்று கட்டினாளாம். அன்றைக்குக் கேட்ட கேள்வி, கம்ப்யூட்டரையெல்லாம் விற்றுவிட்டுத் திரும்ப வத்தல் மூட்டை அடுக்கலாமா என்பது. வெள்ளை வந்துவிட்டால் நாலு பேருக்கு வேலை போய்விடுமே என்று கடைசி நொடியில் வெள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு இரண்டிலும் சிவப்பு வைத்தாள். ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. சரி, ஆத்தாவுக்கும் சம்மதம்போல என்று அன்றிலிருந்து எல்லாவற்றையும் தானே யோசித்துக் கட்டினாள்.

கூத்தையாவின் பல்? முறுக்குத் தின்றுகொண்டே பல்வலி என்று சொன்னால் யார் நம்புவார்கள், அதனால் சிவப்பு. கீபோர்டு? ஒரு எழுத்து போனதற்கு முழுப் பலகையையும் தூக்கிப் போடுவார்களா, அதனால் சிவப்பு. லாட்ஜ் புரோகிராம்? அதைக் கேட்டபோது பூமயில் கொஞ்சம் சங்கடப்பட்டாள். ஓடிக்கொண்டிருக்கிறதைப் பிரித்தால் திரும்ப ஓடாது என்பது அவள் கண்ட அனுபவம். அவள் வீட்டுக்காரர் ஒரு நல்ல டேப் ரிக்கார்டரை அப்படித்தான் பிரித்தார், அது இன்றுவரை ஒரு பெட்டிக்குள் பிரிந்தே இருக்கிறது.

“ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் ரெண்டுலயும் வெள்ளதான் புள்ள வச்சேன். சத்தியமா. அந்தப் பாழாப் போன ஆடு மட்டும் வராம இருந்துருந்தா ஒங்களுக்கெல்லாம் லீவு.”

முத்தழகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் கோபமாகத்தான் உட்கார்ந்தாள். ஆடு பாதியைத் தின்றதும், மிஞ்சிய வெள்ளையைக் காட்டி முதலாளி வயிற்றுக்குள் சிவப்பு என்று கணக்குப் போட்டதும், வாயைத் திறக்க முடியாமல் பூமயில் அக்கா துடைப்பத்தோடு நின்றதும் கண் முன்னால் வந்தபோது, கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சிரிப்பு அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு வந்தது. வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வந்தது. பூமயிலும் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு வந்த கூத்தையாவிடம் விஷயத்தைச் சொன்னதும், அவன் பல் விழுந்த ஓட்டையைக் காட்டியபடி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இரண்டு வருடமாக அந்தக் கம்பெனிக்கு ஒரு மேனேஜர் இருந்திருக்கிறார், காலையில் வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறார் என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் முத்தழகு பூமயிலின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கு எதற்கு அக்கா சிவப்பு வைத்தாய்?

பூமயில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீ போயிட்டா இத யாரு ஓட்டுறது? மறு வாரமே கடைய மூடிருவாரு. எனக்கு வேற எங்கன புள்ள வேலை? அதுவும் போக...” என்று நிறுத்திவிட்டு, “ஒன்னய விட மனசு வரல” என்றாள்.

முத்தழகுக்குச் சுருக்கென்றது. தனக்கு ஒரு மதுரை இருக்கிறது, இவளுக்கு இந்தத் துடைப்பம்தான் இருக்கிறது என்பதை அவள் யோசிக்கவே இல்லை. அன்றைக்கே ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் முத்தழகு தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கூத்தையாவுக்குச் சொல்லிக்கொடுத்து, நோட்டில் தமிழில் எழுதியும் வைத்துவிட வேண்டும். கடை ஓடும். பதிலுக்குப் பூமயில் அக்கா இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டை வைப்பாள்.

இரண்டு நாளில் ஒரு இருநூறு பக்க நோட்டு தீர்ந்தது. கூத்தையா வெளியில் காட்டிக்கொண்ட அளவுக்கு மக்கு இல்லை. மக்காக இருந்தால் வேலை குறைவாக வரும் என்று அவன் கண்டுபிடித்திருந்தான், அவ்வளவுதான். போகிற போக்கில் முத்தழகு அந்த லாட்ஜ் புரோகிராமின் தப்பையும் யாரிடமும் எந்தப் பூவும் கேட்காமல் திருத்தி, கூத்தையாவை அக்காள்மடத்துக்கு அனுப்பி மாற்ற வைத்தாள். ஏ எழுத்து வருகிற ஒரு புதுக் கீபோர்டையும் தன் செலவில் வாங்கி அவன் மேஜையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பூமயில் தலைக்குக் குளித்து, மடியில் இரண்டு நந்தியாவட்டையோடு வந்தாள். முத்தழகைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். காகிதத்தை எடுத்து மடித்த நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார். நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு பூக்கூடை.

“இது மூணாவது தடவை. பெரிய கேள்வி. இன்னைக்கு நானே கட்டுறேன் பூமயிலு. நீ செத்த வெளிய இரு.”

கதவைச் சாத்திக்கொண்டார். பூமயில் வெளியே நின்றாள், மடியில் உபயோகமில்லாத இரண்டு பூவோடு. இத்தனை நாளும் அது பூமயிலின் பொட்டலம். தெரிந்துவிட்ட பிறகு அதில் பயம் இல்லை. இன்றைக்குத்தான் நிஜமாகவே ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. பூமயில் வைத்த இரண்டு சிவப்பையும் முதலாளி ஆத்தாவின் வாக்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறார். இப்போது இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிற மொத்தப் படிப்பும் யாரோ ஒருவருடைய ஒற்றைக் கையில். அய்யாவுக்கு என்ன சொல்வது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது.

பத்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. இரண்டு பொட்டலங்கள் ஆத்தாவுக்கு முன்னால் இருந்தன. எல்லோரும் படியைப் பார்த்தார்கள். சோணைமுத்துவையாவது எதிர்பார்த்தாள் முத்தழகு. அவர் கை பழகின கை. வந்தது ஒரு தும்மல். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு தும்மல். அதற்குப் பின்னால், மஞ்சள் பையோடு, அக்காள்மடம் லாட்ஜ் மேனேஜர் தனுஷ்கோடி.

முடிந்தது என்று நினைத்தாள் முத்தழகு. இந்தக் கைக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது.

அவர் வாயைத் திறப்பதற்குள் முதலாளி கையைப் பிடித்து இழுத்துப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் ஒன்றை எடுக்கச் சொன்னார். தனுஷ்கோடி எதையும் நம்பாத ஆள். வலது பக்கம் கையைக் கொண்டுபோனார், இதில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டு இடது பக்கம் போனார், அங்கே இன்னும் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று திரும்ப வலது பக்கம் வந்தார். நடுவில் தும்மல் வேறு. அந்த ஒரு நிமிஷத்தில் முத்தழகு மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் ஏழெட்டுத் தடவை போய்வந்துவிட்டாள். கடைசியில் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

கூத்தையா விசிலடித்தான். பூமயில் குலவை போட்டாள். முத்தழகுக்கு எல்லோருடைய முகமும் கண்ணீரில் கலங்கலாகத் தெரிந்தது. தனுஷ்கோடிக்கு மட்டும் திருப்தி இல்லை. மற்றதையும் பிரித்துக் காட்டுங்கள், அதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா என்று கையை நீட்டினார். முதலாளி அந்த வயதுக்குச் சம்பந்தமில்லாத வேகத்தில் பாய்ந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். அதெல்லாம் பிரிக்கக் கூடாது, ஆத்தா கோபிப்பாள் என்றார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு விதி யாரும் கேட்டதில்லை.

இரும்புப் பெட்டியைத் திறந்து, சான்றிதழ்களைத் தேடி எடுக்க அவர் குனிந்தார். குனிந்த வேகத்தில் சட்டைப் பையிலிருந்து பொட்டலம் நழுவி விழுந்து, தரையில் உருண்டு, பிரிந்தது. அவசரத்தில் கட்டத் தெரியாமல் கட்டின பொட்டலம்.

அதிலும் நந்தியாவட்டை.

முத்தழகு பூமயிலைப் பார்த்தாள். பூமயில், நான் இல்லை என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்து, ஒரே வீச்சில் அந்தப் பூவை மேஜைக்கு அடியில் தள்ளினாள். முதலாளி நிமிர்ந்தபோது தரை சுத்தமாக இருந்தது. அவர் தரையைப் பார்த்தார், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தார். காதெல்லாம் சிவந்துபோயிற்று.

சான்றிதழ்களை அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அந்த ஆபீஸில் அதுவரை யாரும் பார்த்திராத ஒன்றைச் செய்தார். ஆத்தா படத்தைப் பார்க்காமல், முத்தழகின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

“ஏத்தா, அந்தக் கூத்தையா பய பாத்துக்கிருவானா?”

“பாத்துக்கிருவான் முதலாளி. எல்லாத்தயும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். தெரியலன்னா அவன்கிட்டயே கேளுங்க.”

“கேக்குறேன்” என்றார் வீரபத்திரன். ஆடி அமாவாசையிலிருந்து அவர்மேல் வைத்திருந்த கோபத்தை முத்தழகு அந்த இடத்திலேயே விட்டுவிட்டாள். வேண்டுமென்று தேடினாலும் கிடைக்கவில்லை.

தனுஷ்கோடி எதற்கு வந்தார் என்று அப்புறம்தான் கேட்டார்கள். அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். பன்னிரண்டாம் நம்பர் அறையை விட்டு நகராமல் சண்டை போட்ட இரண்டு குடும்பத்தில், கமுதிக்காரர்கள் வீட்டில் ஒரு பெண் இருந்திருக்கிறாள், தேவிபட்டினத்துக்காரர்கள் வீட்டில் ஒரு பையன். பெரியவர்கள் சண்டை போட்டு ஓய்ந்து, பேச்சு வாக்கில் ஊர் விசாரித்து, உறவு விசாரித்து, ஆடி முடியட்டும் என்று காத்திருந்து பேசி முடித்துவிட்டார்களாம். அறை கொடுத்த கம்ப்யூட்டர்காரர்களுக்கு அவசியம் பத்திரிகை வைக்க வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தனுஷ்கோடி பத்திரிகையை முத்தழகிடம் கொடுத்துவிட்டு, புரோகிராம் இப்போது ஒழுங்காக ஓடுகிறது என்றும் சொன்னார். குரலில் லேசான வருத்தம் இருந்த மாதிரிகூடத் தெரிந்தது.

திங்கட்கிழமை, மதுரையில், குளிரூட்டப்பட்ட ஒரு அறையில் முத்தழகு உட்கார்ந்திருந்தாள். எதிரில் இருந்த பெண் அதிகாரி பட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முத்திரையில் சிவப்பாக இது என்ன என்று கேட்டார். குங்குமம் என்றாள் முத்தழகு. தாளை மூக்கருகே கொண்டுபோன அந்த அம்மாள் இரண்டு தடவை தும்மினார். சிரிப்பை அடக்க முத்தழகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு படிவம் கொடுத்தார்கள். முந்தைய கம்பெனி, என்ன வேலை, எத்தனை வருடம் என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில், அங்கே யாருக்குக் கீழே வேலை பார்த்தீர்கள், மேனேஜர் பெயரும் காலமும் எழுதவும் என்று இருந்தது. அவள் பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். பொய் எழுத மனசு வரவில்லை. எழுதினாள்:

பூமயில். இரண்டு வருடம் மூன்று மாதம்.

அடுத்த வரியில், இன்னொரு பெயரும் எழுதினாள்:

வீரபத்திரன். ஒரு நாள்.